பில் தொகை நின்றுபோனால் எங்கே போவது? கட்டுமான ஒப்பந்ததாரர் முன்னுள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

வேலை முடிந்து, அளவெடுத்து, பில்லும் போட்ட பிறகு பணம் வராமல் நிற்கும் ஒப்பந்ததாரர்கள் எழுதும் கடிதங்களில் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போவதா, ஆர்பிட்ரேஷன் கேட்பதா, நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா, திவால் மனு போடுவேன் என்று நோட்டீஸ் அனுப்புவதா? ஒருவருக்கு எட்டு மாதத்தில் பணம் வாங்கித் தந்த வழி இன்னொருவரை நான்கு ஆண்டு அலைக்கழிப்பதைப் பார்க்கும்போது குழப்பம் வருவது இயல்பே.

எந்த மன்றம் வலுவானது என்று கேட்பதைவிட, எதிர்த்தரப்பு பணத்தை எப்படி நிறுத்தி வைத்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. தொகையை மறுக்காமல், ‘மேலே இருந்து ஃபண்டு வரவில்லை’ என்று நாள் கடத்துவது ஒரு வகை. வேலையில் குறை, தாமதம், அளவு மிகை என்று காரணம் எழுதி நிறுத்துவது இன்னொரு வகை. நம் சட்டத்தில் விரைவானவை என்று சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் முதல் வகைக்கே பயன்படுகின்றன. இரண்டாவது வகையில் சாட்சியம், அளவு, பொறியாளரின் கருத்து என்று முழு விசாரணை தேவைப்படுவதால், குறுக்கு வழி எதை எடுத்தாலும் அது கடைசியில் நீண்ட வழியிலேயே வந்து சேரும்.

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2004-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுமானப் பணத் தகராறுகளுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. அங்கே ஒரு தீர்வாளர் சில வாரங்களில் தொகையைத் தற்காலிகமாகத் தீர்மானிப்பார். முதலில் பணம் கைமாற வேண்டும், மீதிச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லாததால்தான், வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்களில் இருந்து நமக்குப் பொருந்துவதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டுக்கு ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் சிவில் வேலையை 2.4 கோடி ரூபாய்க்குத் துணை ஒப்பந்தமாக எடுத்து முடித்திருக்கிறது. வர வேண்டியது 60 லட்சம். அதில் 38 லட்சம், இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து அளவெடுத்துக் கையெழுத்திட்ட இரண்டு ஆர்.ஏ. பில்கள் (வேலை நடக்கும்போதே போடும் இடைக்கால பில்கள்), 12 லட்சம், ஐந்து சதவீத ரிடென்ஷன் (குறைதீர்ப்புக் காலம் முடியும்வரை பிடித்து வைக்கும் தொகை), மீதி 10 லட்சம், வாய்மொழியாகவும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் செய்யவைத்த கூடுதல் வேலை.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது, மேலே சொன்னபடி, தொகை ஒப்புக்கொள்ளப்பட்டதா, எழுத்தில் மறுக்கப்பட்டதா என்பது. இங்கே முக்கியம், மறுப்பு எப்போது எழுதப்பட்டது என்பதே. உங்கள் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு முளைக்கும் குறைப் பட்டியலுக்கும், வேலை நடக்கும்போதே சைட் பதிவேட்டில் ஏறிய குறைக்கும் மன்றங்கள் கொடுக்கும் மதிப்பு வேறு.

இரண்டாவது, பணம் தர வேண்டியவர் யார் என்பது: தனியார் நிறுவனமா, தனி நபரா, அரசுத் துறையா, அரசு நிறுவனமா? மூன்றாவது, ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு (தகராறை ஆர்பிட்ரேஷனில் தீர்க்கச் சொல்லும் வாசகம்) இருக்கிறதா, வட்டியைத் தடுக்கும் பிரிவு இருக்கிறதா என்பது. நான்காவது, தொடக்கத்திலேயே கையிலிருந்து போடவேண்டிய பணம். ஐந்தாவது, ஆணை கிடைத்த பிறகு அதைப் பணமாக்க இன்னும் எத்தனை படி ஏற வேண்டும் என்பது. இந்த ஐந்தாவதை எண்ணிப் பார்க்காமல் முடிவெடுப்பவர்களே அதிகம். தீர்ப்பு வந்த நாளை வசூல் நாளாக எண்ணிக்கொள்வது இத்துறையில் பரவலான கனவு.

## எம்எஸ்எம்இ வசதியாக்கக் கவுன்சில்

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவணை எதுவும் எழுதப்படாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்ததால் அந்தக் காலத்துக்கு வட்டி 20.25 சதவீதம். நம் எடுத்துக்காட்டின் 38 லட்சம் அந்த இரண்டு ஆண்டும் நின்றிருந்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ 18.8 லட்சம் ஆகியிருக்கும். 12 சதவீதத் தனி வட்டியானால் 9.12 லட்சம்தான். வட்டி கிடையாது என்று ஒப்பந்தம் சொன்னாலும் இந்தச் சட்டம் அதை மீறி நிற்கும்.

பேசாமல் இருக்கும் எதிர்த்தரப்புக்கு இச்சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொருளோ சேவையோ பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால் அது ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மனு போடுவதற்கு நீதிமன்றக் கட்டணம் போன்ற பெருஞ்செலவு கிடையாது. அரசின் இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு இந்தியாவில் எங்கே இருந்தாலும் சப்ளையர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி உள்ளிட்ட இடங்களில் கவுன்சில்கள் உள்ளன. எனவே கோவை நிறுவனம் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. முதன்மை ஒப்பந்ததாரர்தான் கோவைக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் பிரிவு இருந்தாலும் கவுன்சிலின் வழி அதற்கு மேற்பட்டது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கவுன்சில் முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் தானே நடுவராகவோ வேறொரு நடுவர் அமைப்புக்கு அனுப்பியோ தீர்ப்பு வழங்கும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் எதிர்த்தரப்பு, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். வேறெந்த வழியிலும் இவ்வளவு வலுவான பிடி இல்லை என்பதால், இது பொருந்துமானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

‘பொருந்துமானால்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பொருளும் உழைப்பும் பிரிக்க முடியாமல் கலந்த பணி ஒப்பந்தம் இச்சட்டத்தின் கீழ் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் உள்ளன. எதிர்த்தரப்பின் வக்கீல் முதல் விசாரணையிலேயே அவற்றை எடுத்து வைப்பார். உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு) ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுக்கப்பட்டிருந்தால், பின்தேதியிட்டு அதன் பலனைக் கேட்க முடியாது என்று 2021, 2022 ஆண்டுகளின் தீர்ப்புகள் கூறின. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதே மாதம் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் வழக்கில், கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து ரிட் மனு (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட முடியுமா, சமரசம் பேசியவரே நடுவராக அமரலாமா என்ற கேள்விகளும் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போயின. அதாவது 75 சதவீதத்தைக் கட்டாமல் தப்பிக்க எதிர்த்தரப்புக்கு ரிட் என்ற ஒரு பக்கவாசல் இருக்கிறதா என்பதே அங்கே விவாதப் பொருள். சட்டத்தில் எழுதியிருக்கும் 90 நாள் கெடுவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கவுன்சில் மாதத்துக்குச் சில முறையே கூடும் அமைப்பு, அதன் முன் நிற்கும் வரிசை நீளமானது.

வேலை ஆணைக்கு முன்பே உத்யம் பதிவு இருந்து, வேலை பெரும்பாலும் கூலியும் சேவையுமாக, அல்லது பெரும்பாலும் பொருள் வழங்கலாக இருந்து, தொகையும் மறுக்கப்படாதபோது இதுவே சிறந்த வழி. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

## நடுவர் மன்றம்

நம் ஊர்க் கட்டுமான ஒப்பந்தங்களில் நடுவர் பிரிவு இல்லாதவை குறைவு. அதை ஒப்பமிடும்போது படித்தவர்கள் அதைவிடக் குறைவு. பிரிவு இருக்குமானால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டும் பயனில்லை. இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு நடுவர், சமரசச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு மனுப் போட்டதும் நீதிமன்றம் உங்களை நடுவரிடமே அனுப்பிவிடும்.

இதன் பலம், வேலையை அறிந்தவர் முன்னால் வாதிட முடிவது. கூடுதல் வேலை, ரேட் வித்தியாசம், தாமதத்துக்கு யார் காரணம் என்பதெல்லாம் பார் சார்ட்டையும் டிராயிங் வெளியிட்ட தேதிகளையும் வைத்து முடிவாக வேண்டியவை. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் நடுவராக இருந்தால், ஸ்லாப் கான்கிரீட் ஏன் மூன்று வாரம் தள்ளிப்போனது என்பதை அவருக்கு விளக்க ஒரு நாள் ஆகாது. வழக்குரைகள் முடிந்ததிலிருந்து 12 மாதம், இரு தரப்பும் இசைந்தால் மேலும் 6 மாதம் என்ற கெடுவும் உண்டு. அதற்கு மேல் நீட்டிக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

யாரை நடுவராக நியமிப்பது என்பதில் பழைய அச்சம் இப்போது பெருமளவு நீங்கியிருக்கிறது. ‘எங்கள் மேலாண்மை இயக்குநர் நியமிப்பவரே நடுவர்’ என்ற வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தாலும் கலங்க வேண்டாம். அரசு நிறுவனம் ஒருதலையாக நடுவரை நியமிக்கும் பிரிவு சமத்துவத்துக்கு விரோதமானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியுள்ளது. தனியார் ஒப்பந்தங்களிலும் வழக்கின் முடிவில் நலன் உள்ளவர் நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 30 நாளில் இசைவு வராவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகி நியமனம் கேட்கலாம்.

மறைமுகச் செலவு என்றால் முதலில் கட்டணம். சட்டத்தின் நான்காம் அட்டவணையைப் பின்பற்றினால் 60 லட்சம் கோரிக்கைக்கு 2,17,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் 25 சதவீதம் கூடி 2,71,875. இரு தரப்பும் பாதிப் பாதி தர வேண்டும் என்றாலும், எதிர்த்தரப்பு தன் பங்கைக் கட்டாவிட்டால் விசாரணை நகர அதையும் நீங்களே கட்ட வேண்டிவரும். அவர்கள் தாமத அபராதம் என்று ஒரு பெரிய எதிர்க்கோரிக்கை வைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று 2022-இல் அஃப்கான்ஸ் வழக்கில் தீர்ப்பானது. மூன்று நடுவர்கள், நட்சத்திர விடுதியில் அமர்வு என்று போனால் சிறு ஒப்பந்ததாரரின் லாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, வட்டி. ஒப்பந்தம் வட்டியைத் தடுத்திருந்தால் தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு நடுவர் வட்டி தர முடியாது. ரயில்வே, அரசு நிறுவன ஒப்பந்தங்களில் இந்த வரி பொது நிபந்தனைகளுக்கு நடுவே இருக்கும். ஐந்து ஆண்டுத் தகராறில் அது அசலில் பாதியை விழுங்கிவிடும். மூன்றாவது, தீர்ப்புக்குப் பிந்தைய 34-ஆம் பிரிவு மனு, அதாவது நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு. எதிர்த்தரப்பு அதைத் தாக்கல் செய்ததும் தீர்ப்பு தானாகத் தடைபட்ட காலம் 2015 திருத்தத்தோடு போயிற்று. பழைய வழக்குகளுக்கு அந்தத் தானாக வரும் தடையை மீண்டும் கொண்டுவரப் பார்த்த 2019 திருத்தத்தையும், இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி தொடுத்த வழக்கில் அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது தடை வேண்டுபவர் தொகையையோ உத்தரவாதத்தையோ கட்ட வேண்டிவரும். ஆனாலும் 34, அதன்மேல் மேல்முறையீடு, பிறகு நிறைவேற்று மனு என்ற வரிசை சில ஆண்டுகளைத் தின்னும் என்பதைக் கணக்கில் வைத்தே இறங்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு நன்மையும் இதில் உண்டு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனமாகத் தொழில் நடத்துபவர்கள் ஒப்பந்த உரிமைக்காக வழக்குத் தொடுக்க, கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடையாக நிற்கும். அந்தத் தடை நடுவர் விசாரணைக்குப் பொருந்தாது என்று 2016-இல் உமேஷ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அண்ணன் தம்பி சேர்ந்து பத்திரம் மட்டும் எழுதி நடத்தும் நிறுவனங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

## வணிக நீதிமன்றம்

நடுவர் பிரிவு இல்லாவிட்டால், தொகை 3 லட்சத்துக்குக் குறையாத கட்டுமான ஒப்பந்தத் தகராறு 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டில் பொதுவான நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 60 லட்சத்துக்கு 1.8 லட்சம் ரூபாய். இதை முழுவதும் தொலைந்த பணமாக எண்ண வேண்டாம். வழக்கு சமரசமாக முடிந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம், நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாமே பேசி முடித்திருந்தாலும் பெறலாம் என்று 2021-இல் நம் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

அவசர இடைக்கால ஆணை கேட்காத வழக்கில், முதலில் சட்டப்பணிகள் ஆணைக் குழு மூலம் சமரச முயற்சி கட்டாயம்; அதைச் செய்யாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். சிலர் இதை வீண் தாமதம் என்று நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு: எதிர்த்தரப்பு என்ன காரணம் சொல்லப் போகிறது என்பதைச் செலவின்றி அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் காலம் காலவரம்புக் கணக்கிலிருந்தும் கழிக்கப்படும்.

எழுத்து ஒப்பந்தத்தின்படி குறிப்பிட்ட தொகை வர வேண்டும் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளையின் கீழ் சுருக்க வழக்கும் போடலாம். அதில் எதிர்த்தரப்புக்கு வாதாடும் உரிமை தானாகக் கிடைக்காது. அனுமதி கேட்டுப் பெற வேண்டும். ஓரளவு நியாயமான எதிர்வாதம் இருந்தாலே நீதிமன்றங்கள் அனுமதித்துவிடும் என்பதால், கையெழுத்தான பில்லுக்கு மட்டுமே இது ஏற்றது. கூடுதல் வேலைக் கோரிக்கையை அதில் கலந்தால் முழு வழக்கும் சாதாரண வழக்காகிவிடும் அபாயம் உண்டு. சாதாரண வணிக வழக்கிலும் எழுத்துமூலப் பதில் 120 நாளைத் தாண்ட முடியாது. வாய்தா வாங்கியே பழகிய எதிர்த்தரப்புக்கு இந்தக் கெடு கசப்பானது.

பொறி ஒன்று உண்டு: ஒரே வழக்குமூலத்திலிருந்து எழும் கோரிக்கை முழுவதையும் ஒரே வழக்கில் சேர்க்க வேண்டும், விட்டதைப் பிறகு தனியாகக் கேட்க முடியாது. சுருக்க வழக்குக்காகப் பில்லை மட்டும் பிரித்தெடுக்கும் முன் வக்கீலிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

## திவால் மனு

2016-ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட, 2020 மார்ச் முதல் பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. தொகை போதுமானாலும், நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்ததாகக் காட்டும் ஒரு கடிதம் எதிர்த்தரப்பிடம் இருந்தால் மனு தள்ளுபடியாகும். 2017-இன் மொபிலாக்ஸ் தீர்ப்பு இதை நிலைநிறுத்தியது. நடுவர் தீர்ப்பே கையில் இருந்தாலும், அதை எதிர்த்து 34-ஆம் பிரிவு மனு நிலுவையில் இருந்தால் அதுவும் தகராறுதான் என்று 2018-இல் ஒரு கட்டுமான வழக்கில் தீர்ப்பானது.

இதன் பயன் அழுத்தம் கொடுப்பதில்தான் இருக்கிறது. மனு அனுமதிக்கப்படும் முன்பே பணம் தந்து முடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய. ஆனால் அனுமதிக்கப்பட்டுவிட்டால் அந்த நிறுவனத்துக்கு எதிரான மற்ற வழக்குகள் எல்லாம் நிற்கும், வங்கிகள் முன்னால் நிற்க, நீங்கள் பங்கீட்டு வரிசையில் பின்னால் நிற்பீர்கள். நல்ல நிலையில் உள்ள, பெயருக்கு அஞ்சும் நிறுவனத்துக்கு எதிராக மட்டுமே இது வேலை செய்யும். உண்மையிலேயே நொடித்துப்போன நிறுவனத்தின் மீது போட்டால் உங்களுக்கு மிஞ்சுவது கோரிக்கைப் படிவம்தான்.

## அரசுத் துறை என்றால்: ரிட் மனு

எம்-புக்கில் (துறையின் அளவுப் பதிவேட்டில்) அளவு ஏறி, சரிபார்ப்பு முடிந்து, பில்லும் பாஸ் ஆன பிறகு ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்ற ஒரே காரணத்தால் தொகை நின்றால், அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தத் தகராறு என்பதாலேயே ரிட் மனு நிலைக்காது என்று சொல்ல முடியாது என்பது ஏபிஎல் இன்டர்நேஷனல் வழக்கில் முன்பே முடிவானது. ஒப்புக்கொண்ட தொகைக்கு ரிட் மனு போடலாம் என்று 2019-இல் சூர்யா கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வழக்கிலும் கூறப்பட்டது. செலவு குறைவு, காலமும் குறைவு. ஆனால் துறை தன் பதில் மனுவில் அளவில் சந்தேகம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அங்கே வழக்குப் போடும் முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும்.

அதனால் முதல் வேலை ரிட் அல்ல, தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் மனுக் கட்டணம் கட்டி எம்-புக் பக்கங்களின் நகலையும் பில் கோப்பின் குறிப்புரைகளையும் கேட்டு வாங்கிவிட்டால், பின்னால் எழும் சந்தேகங்களுக்கு அந்தக் குறிப்புரைகளே பதில் சொல்லும்.

மத்திய அரசு ஒப்பந்தங்களில் நடுவர் வழியையே நம்பி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 10 கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு நடுவர் பிரிவை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று 2024 ஜூனில் நிதி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிய டெண்டரில் பழைய பிரிவு இருக்கும் என்று எண்ணிக் கையெழுத்திட வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | கவுன்சில் | நடுவர் | வணிக நீதிமன்றம் | திவால் மனு | ரிட் |
|---|---|---|---|---|---|
| தொகை மறுக்கப்பட்டால் | ஓரளவு சமாளிக்கும் | மிகவும் ஏற்றது | ஏற்றது, நாளாகும் | பயனற்றது | பெரும்பாலும் பயனற்றது |
| யாருக்கு எதிராக | தனியார், அரசு இரண்டும் | ஒப்பந்தத் தரப்பினர் | அனைவரும் | நிறுவனங்கள் மட்டும் | அரசும் அதன் அமைப்புகளும் |
| தொடக்கச் செலவு (60 லட்சத்துக்கு) | மிகக் குறைவு | கட்டணம் 2.7 லட்சம் வரை, பங்கிட்டு | 1.8 லட்சம், சமரசமானால் திரும்பும் | 1 கோடிக்குக் கீழ் வழியில்லை | குறைவு |
| வட்டி | மும்மடங்கு வங்கி விகிதம், கூட்டு வட்டி | ஒப்பந்தம் தடுக்காவிட்டால் | நீதிமன்றத்தின் விருப்புரிமை | நோக்கமே வேறு | அரிது |
| எதிர்த்தரப்பு மேலே போனால் | 75 சதவீதம் கட்ட வேண்டும் | தடைக்கு உத்தரவாதம் | மேல்முறையீட்டு நிபந்தனை | மேல்முறையீடு | மேல்முறையீடு |

காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் அது தனிக் கணக்கு. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கெடுக்களைத் தவறவிடாமல் மேலே உள்ள எந்த வழியோடும் சேர்த்து நடத்தலாம். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுப்பதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. பணத் தகராறைக் குற்ற வழக்காக்குவதை உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ரத்து செய்கின்றன.

## 60 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், கூட்டு அளவீட்டில் கையெழுத்தான 38 லட்சம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மிக நெருக்கமானது. உத்யம் பதிவு வேலை ஆணைக்கு முந்தையது என்றால், ‘பணி ஒப்பந்தம்’ என்ற ஆட்சேபணை வரும் என்று தெரிந்தே கவுன்சிலுக்குப் போவது சரியான துணிச்சல் என்பேன். வட்டியும் 75 சதவீத நிபந்தனையும் அந்த அபாயத்துக்கு ஈடு. பதிவு பிந்தையது என்றால் நடுவர் வழி.

ரிடென்ஷன் 12 லட்சத்தை, குறைதீர்ப்புக் காலம் முடியும் முன் கேட்டால் எந்த மன்றமும் முன்கூட்டிய கோரிக்கை என்றே சொல்லும். காலம் முடிந்த மறுநாளே குறை எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுதிக் கேட்பதும், அதற்கு மாற்றாக வங்கி உத்தரவாதம் தரலாமா என்று பேசுவதும் வழக்கைவிட மலிவு.

கூடுதல் வேலையின் 10 லட்சம் நடுவரிடமே போக வேண்டிய பகுதி. ஒப்பந்தத்தில் ‘எழுத்து உத்தரவின்றிக் கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை’ என்ற வரி கட்டாயம் இருக்கும். வாட்ஸ்அப் செய்திகள் அதற்கு மாற்றாக நிற்க வேண்டுமானால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். செய்தி வந்த பழைய போனை மாற்றும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம்.

முதன்மை ஒப்பந்ததாரர் ‘எனக்கு ஓனர் தந்தால் உனக்குத் தருகிறேன்’ என்ற பிரிவைக் காட்டினால், அது உங்கள் ஒப்பந்தத்தில் உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா, அவருக்கு அந்தப் பணம் வந்துவிட்டதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். வரி ஆவணங்கள் இங்கே உதவும். உங்கள் பில்லுக்கு டிடிஎஸ் பிடித்து 26ஏஎஸ் படிவத்தில் ஏற்றியிருந்தால், அந்தத் தொகையை அவர் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அது துணைச் சான்று. பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்கு அவர் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராதபோது அதை வட்டியோடு திருப்ப வேண்டும். இதை நினைவூட்டும் கடிதம் ஒன்று அவருடைய கணக்காளரின் மேசைக்குப் போவது, சில சமயம் வக்கீல் நோட்டீஸைவிட விரைவாக வேலை செய்யும்.

## வழி எதுவானாலும் முன்பே செய்ய வேண்டியவை

காலவரம்பு மூன்று ஆண்டு. வேலைக்கான தொகைக்குத் தவணை எழுதப்படாத இடத்தில், வேலை முடிந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதாலோ, நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருப்பதாலோ அது நீளாது. எதிர்த்தரப்பு கெடுவுக்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோதான் புதிதாகத் தொடங்கும். காலம் கடந்த பாக்கிக்கும் கவுன்சிலில் சமரசம் கேட்கலாம், ஆனால் அடுத்த கட்டமான நடுவர் விசாரணைக்குக் காலவரம்பு பொருந்தும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நடுவர் வழியில், நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளே தொடக்கம்.

அதனால் முதல் கடிதம் மிரட்டலாக இருக்கத் தேவையில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லிப் பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டால், அது ஒப்புதலும் ஆகிறது, காலவரம்பையும் புதுப்பிக்கிறது, பின்னால் எழுதப்படும் குறைப் பட்டியலின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது. சண்டை தொடங்கிய பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது.

ஃபைனல் பில்லோடு ‘மேற்கொண்டு கோரிக்கை இல்லை’ என்ற சான்றிதழில் கையெழுத்துக் கேட்பது எல்லா இடத்திலும் நடப்பது. பணமுடையில் போட்ட கையெழுத்து உங்களை முற்றாகக் கட்டிப்போடாது, கட்டாயத்தின் பேரில் வாங்கப்பட்டதா என்பதை ஆராயலாம் என்று 2008-இல் போகரா பாலிஃபேப் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. ஆனால் ஆறு மாதம் கழித்து அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தொகை கணக்கில் ஏறிய அன்றோ மறுநாளோ, எந்தெந்தக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்று தொகையோடு குறித்து, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்பி, அதன் ரசீதை ஒப்பந்தக் கோப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.